விரால் குஞ்சும் ஊசிமுனையும்: ஒவ்வாமைச் சோதனையின் வரலாறு, ஐதராபாத்திலிருந்து

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் முதற்பாதியில், ஞாயிறு மிருகசீரிட நட்சத்திரத்தினுள் புகும் நாளில், ஐதராபாத்தின் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் நீண்ட வரிசைகள் உருவாகின்றன. தெலுங்கு மக்கள் அந்நாளை மிருகசிர கார்த்தெ என்பர். கோடை முடிந்து முதல் மழை இறங்கும் பருவம் அது. பத்தினி கவுட் குடும்பத்தார் மஞ்சள் நிறக் குழம்பு ஒன்றை, உயிருள்ள சிறு விரால் குஞ்சின் வாயில் வைத்து, அக்குஞ்சை ஆஸ்துமா நோயாளியின் தொண்டைக்குள் இறக்குகின்றனர். புலால் உண்ணாதோருக்குக் குழம்பு வெல்லத்தில் வைத்துத் தரப்படுகிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வரவேண்டும். ஒவ்வொரு முறையும் 45 நாள் பத்தியம் காக்க வேண்டும். 1845இல் பழைய நகரத்துத் தூத்பௌலியில் வாழ்ந்த வீரண்ண கவுட் என்பவருக்குத் துறவி ஒருவர் அருளிய முறை இது என்றும், எவரிடமும் பணம் பெறலாகாது என்பது அவர் வாங்கிக்கொண்ட வாக்கு என்றும் குடும்ப மரபு கூறுகிறது. குழம்பின் சேர்மானம் இன்றளவும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அறிவியல் இயக்கத்தினர் எழுப்பிய எதிர்ப்புகளுக்குப் பின் "மீன் மருந்து" என்ற பெயர் "மீன் பிரசாதம்" என்றாயிற்று.

அதே நகரின் மருத்துவமனைகளில் வேறொரு காட்சியும் அன்றாடம் நிகழ்கிறது. நோயாளி கையை நீட்டி அமர்ந்திருக்கிறார். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் சிறு குறிகள் இடப்படுகின்றன. ஒவ்வொரு குறியின் அருகிலும் ஒரு சொட்டு நீர்மம். ஒவ்வொரு சொட்டின் ஊடாகவும் ஊசிமுனையின் மெல்லிய அழுத்தம். குருதி வருவதில்லை. பின்னர் கால் மணி நேரம் காத்திருப்பு.

முதற்காட்சியில் எல்லோருக்கும் ஒரே விடை வழங்கப்படுகிறது. இரண்டாம் காட்சியில் ஒவ்வோர் உடலிடமும் தனித்தனியே ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "உனக்குச் சேராதது எது?" இக்கேள்வியை உடலிடம் எவ்வாறு கேட்பது என்று கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இன்று சோதனைக்குச் செல்பவரிடம் சொல்லப்படும் அறிவுரைகள், "இந்த மாத்திரையை நிறுத்துக", "உறிஞ்சியை நிறுத்தாதீர்", "சோதனை முடிந்தவுடன் புறப்படாதீர்" என்பன, அலுவலக விதிகள்போல் தோன்றும். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பின்னே ஒரு கண்டுபிடிப்போ ஒரு தவறோ இருக்கிறது. அது தெரியாமற்போகும்போது தேவையின்றிப் பாலும் முட்டையும் மறுக்கப்பட்ட குழந்தைகளும், சோதனைக்காக மூச்சு மருந்தை நிறுத்தித் திணறும் நோயாளிகளும் மிஞ்சுகின்றனர்.

சொல்

"எனக்குக் கத்தரிக்காய் சேராது" என்று தமிழர் சொல்வதைத் தெலுங்கர் "நாக்கு படது" என்பர். இரண்டும் மருத்துவச் சொற்கள் அல்ல; அனுபவச் சொற்கள். சித்த மருத்துவ மரபும் வீட்டு வழக்கும் "கரப்பான் பண்டம்" என ஒரு வகையையே வகுத்து, கத்தரி, கருவாடு முதலியவற்றை அதில் அடக்கின. தோலில் தினவும் தடிப்பும் உள்ளவர் அவற்றை விலக்க வேண்டும் என்பது விதி. உண்ணும் பொருளுக்கும் தோலின் வெடிப்புக்கும் தொடர்பு உண்டு என்ற கவனிப்பு அதில் அடங்கியிருந்தது. ஆனால் அது பண்டங்களின் பட்டியல். இன்னாருக்கு இன்னது என்று ஆள்வாரியாகப் பிரிக்கும் வழி அதில் இல்லை.

1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து "அலர்ஜி" என்ற சொல்லை ஆக்கினார். அதன் நேர்ப்பொருள் "வேறுபட்ட செயல்". தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகள் சிலர், இரண்டாம் முறை சீரம் பெற்றபோது விரைவாகவும் கடுமையாகவும் எதிர்வினை காட்டினர். ஒருமுறை சந்தித்த பொருளை உடல் மறுமுறை சந்திக்கையில் அதன் செயல் மாறியிருக்கிறது என்பதே பிர்கே சொல்ல விழைந்தது. தமிழின் "ஒவ்வாமை" ஒத்துப்போகாமையைக் குறிக்கிறது. பிர்கேயின் சொல்லோ உடலின் நினைவாற்றலைக் குறிக்கிறது. இந்த வேறுபாடு சிறிதன்று. பால் குடித்தால் வயிறு உப்புவது ஒத்துக்கொள்ளாமை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியின் குறைவு. பாலின் புரதத்தை எதிர்ப்பாற்றல் மண்டலம் நினைவில் வைத்துத் தாக்குவதே ஒவ்வாமை. பேச்சு வழக்கில் இரண்டும் "சேராது" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஊசிமுனைச் சோதனை இரண்டாவதை மட்டுமே அறியும்.

கை

பிர்கேக்கு முன்னரே உடலிடம் நேரடியாகக் கேட்டவர் சார்லஸ் பிளாக்லி. மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்த அவருக்கே கோடைகாலத் தும்மல் நோய் இருந்தது. லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல் அந்நோயைத் தம் உடலையே சான்றாக வைத்து விவரித்திருந்தார்; காரணம் வெயில் என்றும் வெப்பம் என்றும் பலவாறு கருதப்பட்டது. பிளாக்லி தம் தோலைச் சிறிது கீறி, ஈரப்படுத்திய புல் மகரந்தத்தை வைத்துக் கட்டினார். மற்றொரு கையிலும் அவ்வாறே கீறி, மகரந்தம் இல்லாத ஈரத் துணியை வைத்தார். மகரந்தம் வைத்த இடம் அரித்துத் தடித்தது, மற்றது தடிக்கவில்லை. பசைத்தன்மையுள்ள கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களில் ஏற்றி, உயரே பறக்கும் மகரந்தத்தையும் எண்ணினார். இவற்றை 1873இல் நூலாக வெளியிட்டார்.

அந்த இரண்டாவது கையே இச்சோதனையின் அறிவுக்கரு. இன்று ஐதராபாத்தில் ஒருவர் முன்கையில் இடப்படும் சொட்டுகளுள் இரண்டு எந்த ஒவ்வாமைப் பொருளையும் கொண்டவையல்ல. ஒன்று உப்புநீர், அது தடிக்கக் கூடாது. மற்றொன்று ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். உப்புநீரும் தடித்தால், வெறும் அழுத்தத்துக்கே தடிக்கும் தோல் அது. அன்றைய விடைகளை நம்ப இயலாது. ஹிஸ்டமின் தடிக்காவிட்டால் தோல் பேசாமல் இருக்கிறது. ஏதோ ஒரு மருந்து அதன் வாயை அடைத்திருக்கிறது. பொதுவாக, 15 முதல் 20 நிமிடங்களுக்குப் பின் உப்புநீர்த் தடிப்பைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாக எழும் தடிப்பே "ஆம்" எனக் கொள்ளப்படுகிறது. சுற்றிலும் பரவும் சிவப்பைக் காட்டிலும் நடுவிலுள்ள மேட்டையே அளக்கின்றனர். அரிப்பு பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

பிளாக்லியின் கீறல் நெடுங்காலம் நீடித்தது. 1912இல் நியூயார்க்கின் ஆஸ்கர் ஷ்லாஸ், முட்டையும் பாதாமும் ஓட்ஸும் ஒவ்வாத ஒரு குழந்தையிடம் கீறல் முறையில் அவற்றை அடையாளம் கண்டார். கீறல் வலித்தது, அளவும் ஒரு சீராக இல்லை. 1920களில் தாமஸ் லூயிஸ் தோலின் எதிர்வினைகளை ஆராய்ந்தபோது கையாண்ட நுண்குத்தும், பின்னர் 1975இல் ஜாக் பெபிஸ் செம்மைப்படுத்திய முறையும் இன்றைய வலியற்ற வடிவத்துக்கு வழியமைத்தன.

ஏன் மாத்திரையை நிறுத்த வேண்டும்

ஹிஸ்டமினின் செயல்களை ஹென்றி டேலும் பாட்ரிக் லேய்ட்லாவும் 1910இல் விவரித்தனர். தோலைக் குத்தும்போது எழும் சிவப்பு, தடிப்பு, சூழ்ந்து பரவும் செம்மை ஆகிய மூன்றும் ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருள் தோலிலிருந்தே வெளிப்படுவதால் நிகழ்கின்றன என்று லூயிஸ் காட்டினார். 1937இல் பாரிஸில் டேனியல் போவே குழுவினர் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்துப் பொருளைக் கண்டனர். 1957இல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிக்கு ஆறுதல் தரும் அதே மருந்து சோதனையை ஊமையாக்கிவிடும். தடிப்பை எழுப்பும் பொருளையே அது தடுப்பதால், ஒவ்வாமை இருந்தும் தோல் "இல்லை" என்று சொல்லும்.

எனவே தோல் சோதனைக்கு முன் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளைப் பொதுவாக 3 முதல் 7 நாள் வரை நிறுத்தச் சொல்கின்றனர். மருந்துக்கேற்ப நாள் மாறும். இந்தியச் சூழலில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. செட்டிரிசின் என்று பெயரிட்ட மாத்திரையை நிறுத்துபவர், சளிக்கான கூட்டு மாத்திரையில் குளோர்பெனிரமின் இருப்பதையும், மாண்டிலூகாஸ்டுடன் லெவோசெட்டிரிசின் சேர்ந்தே விற்கப்படுவதையும் அறியாதிருக்கக்கூடும். இருமல் பாகிலும் அது இருக்கலாம். ஆதலால் பெயர்களை நினைவிலிருந்து சொல்வதைக் காட்டிலும், வீட்டிலுள்ள அட்டைகளையும் புட்டிகளையும் அப்படியே எடுத்துச் சென்று முன்கூட்டியே காட்டுவது நலம். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில பழைய மருந்துகளும் தடிப்பை அடக்கும். ஆனால் அவற்றை எழுதித்தந்த மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்துதல் ஆபத்து. குத்தப்போகும் இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசுவதும் விடையைக் கெடுக்கும்.

நிறுத்தக் கூடாதது எது என்பது இதனினும் முக்கியம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துகள் குத்துச் சோதனையின் தடிப்பைப் பெரிதும் பாதிப்பதில்லை; அவற்றைத் தொடர வேண்டும். "சோதனை என்றால் எல்லா மருந்தையும் நிறுத்த வேண்டும்" என்ற பொதுப்புரிதல், பத்தியத்தைப் பற்றிய பழைய மனப்பழக்கத்திலிருந்து வருவது. பட்டினியும் தேவையில்லை, உண்டுவிட்டே செல்லலாம். கேள்வி தோலிடம் கேட்கப்படுகிறது, வயிற்றிடம் அன்று.

நெப்டியூன்

காத்திருக்கச் சொல்வதன் வரலாறு ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது. 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சென்ற சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேயும் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியபின் கடற்சாமந்தியின் சாற்றை நாய்களுக்குச் செலுத்தினர். சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடல் நஞ்சைத் தாங்கப் பழகும் என்பது எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் அளவைத் தாங்கி நலமாகவே இருந்தது. சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவு மீண்டும் செலுத்தப்பட்டபோது மூச்சுத் திணறி, 25 நிமிடங்களில் இறந்தது. பாதுகாப்புக்கு நேர்மாறானது என்ற பொருளில் ரிஷே அதற்கு "அனாபிலாக்சிஸ்" எனப் பெயரிட்டார். 1902இல் ஆய்வு வெளியாயிற்று. 1913இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குத்துச் சோதனையில் செலுத்தப்படும் அளவு மிக மிக நுண்ணியது. உடல் முழுவதும் எதிர்வினை எழுவது அரிது. எனினும் அரிது என்பது இல்லை என்பதாகாது. எனவேதான் அட்ரினலின் கையருகே இருக்கும் இடத்தில், அதைக் கையாளத் தெரிந்தோர் முன்னிலையில் இச்சோதனை நடைபெற வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நாளில் அதைத் தள்ளிவைப்பர். அண்மையில் கடும் எதிர்வினை கண்டவருக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுவர். எதிர்வினைக்குரிய பொருள் தீர்ந்துபோன உடல் அந்நாள்களில் பொய்யாக "இல்லை" எனலாம். கருவுற்ற காலத்திலும் பெரும்பாலும் ஒத்திவைப்பர். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா தடுப்பி உட்கொள்பவர் அதை முன்னரே சொல்ல வேண்டும்; அவசர வேளையில் அட்ரினலினின் வேலையை அது தடுக்கக்கூடும். வீட்டுக்கு வந்து கையில் குத்திச் செல்பவரிடம் இச்சோதனையை ஒப்படைக்கலாகாது என்பதே நெப்டியூனின் பாடம்.

க்யூஸ்ட்னரின் மீன்

மீனும் ஒவ்வாமையும் அறிவியல் வரலாற்றில் சந்தித்த இடம் பிரெஸ்லாவ் நகரம். இன்று அது போலந்தில் உள்ளது. ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய உடன்பணியாளர் கார்ல் ப்ராஸ்னிட்சுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. 1921இல் க்யூஸ்ட்னரின் குருதிச் சீரத்தைத் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்ட ப்ராஸ்னிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். தோல் தடித்தது. மீனை எதிர்க்கும் ஏதோ ஒன்று குருதியில் மிதக்கிறது, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றவும் இயலும் என்பது வெளிப்பட்டது. நோயாளியின் தோலைத் தொடாமல் இன்னொருவர் தோலில் ஒவ்வாமையை அறியும் இம்முறை பல்லாண்டுகள் வழக்கில் இருந்தது. குருதி வழியே மஞ்சள் காமாலை பரவும் அச்சத்தால் பின்னர் கைவிடப்பட்டது.

அந்த "ஏதோ ஒன்று" என்ன என்பதை அறிய 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் துணைவியார் டெருகோ இஷிசாகாவும் அதைப் பிரித்தறிந்தனர். ஸ்வீடனின் ஹான்ஸ் பென்னிச்சும் குன்னர் யோஹான்சனும் வேறொரு வழியில் அதே புரதத்தை அடைந்திருந்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஇ, என்ற பெயர் உறுதியாயிற்று. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇயைக் குருதியில் அளக்கும் முறை 1967இலேயே ஸ்வீடனில் உருவாகிவிட்டது. இன்று ஆய்வகங்கள் செய்யும் ஒவ்வாமை இரத்தச் சோதனைகள் அதன் வழித்தோன்றல்கள். ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த இயலாதோருக்கும், தோல் முழுதும் புண்ணாகியோருக்கும், கடும் எதிர்வினை அஞ்சப்படுவோருக்கும் அவை பயன்படும்.

விரால் குஞ்சை வரிசையில் நிற்கும் எல்லோரும் விழுங்குகின்றனர். க்யூஸ்ட்னருக்கு அதுவே நஞ்சாகியிருக்கும். ஒரே பொருள் ஒருவருக்கு உணவு, இன்னொருவருக்கு ஊறு என்பதை மரபும் அறிந்திருந்தது. யாருக்கு எது என்று பிரித்தறிய வழி தந்தது இந்த ஆய்வுத் தொடர்.

வய்யாரிபாமா

எல்லா ஒவ்வாமையும் கால் மணி நேரத்தில் வெளிப்படுவதில்லை. பிரெஸ்லாவில் பணியாற்றிய தோல் மருத்துவர் யோசப் யாதாசோன், பாதரசக் களிம்பால் தோல் வெந்த நோயாளியிடம் அக்களிம்பைச் சிறு இடத்தில் ஒட்டிவைத்துப் பார்த்து, 1895இல் ஒட்டுச் சோதனையை அறிவித்தார். இது ஐஜிஇயின் வேலையன்று. வெள்ளணுக்களின் மெதுவான வேலை. சாயம், நிக்கல் நகை, சிமெண்ட், காலணித் தோல் ஆகியவற்றால் வரும் தோல் அழற்சிக்கு இதுவே உரிய சோதனை.

தக்காணத்தில் இச்சோதனைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1950களின் நடுவில் புனே அருகே கண்டறியப்பட்ட பார்த்தீனியச் செடி, சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. தெலுங்கு மக்கள் அதற்கு "வய்யாரிபாமா", ஒயிலாக நடக்கும் பெண், என்று பெயரிட்டனர். வெண்மலர் குலுங்கக் காற்றில் ஆடும் அச்செடியின் துகள்கள் முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிந்து, ஆண்டுக்கணக்கில் ஆறாத அழற்சியை உண்டாக்கின. வயலில் வேலை செய்வோரே மிகுதியாகத் துன்புற்றனர். வெயிலால் வந்த தோல்நோய் என்று கருதப்பட்ட பலருக்கு ஒட்டுச் சோதனையே செடியைச் சுட்டிக்காட்டியது.

இதற்கான தயாரிப்பு வேறு. முதுகில் ஒட்டப்படும் பட்டைகள் இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். முதுகு நனையக் கூடாது. வியர்க்கும் வேலை கூடாது. பட்டைகளை எடுத்தபோது ஒருமுறையும், பின்னர் நான்காம் நாளையொட்டி மீண்டும் ஒருமுறையும் பார்ப்பர். இரண்டாம் முறை செல்லத் தவறினால் விடை பாதியிலேயே நின்றுவிடும். ஆன்டிஹிஸ்டமின் இதற்குத் தடையன்று. ஸ்டீராய்டு மாத்திரையும் முதுகில் பூசிய களிம்பும் தடை. கூலி வேலைக்குச் செல்வோர் நான்கு நாளைத் திட்டமிட வேண்டும். ஐதராபாத்தின் மே மாத வெயிலில் பட்டைகளைக் காப்பது கடினம், குளிர்காலமே உகந்தது.

சோதனைப் பொருள்கள் அந்தந்த மண்ணுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதும் இங்கே தெளிவாகிறது. பிளாக்லியின் ஆங்கிலேயப் புல்லைக் கொண்டு தக்காணத்தின் மூக்கைச் சோதிப்பதில் பயன் குறைவு. தில்லியின் வல்லபாய் படேல் நெஞ்சக நோய் நிறுவனத்தில் சிவ்புரி முதலானோர் இந்திய மகரந்தங்களை முறையாக ஆராய்ந்ததன் பெறுமதி இதுவே. இங்குள்ளோரிடம் கேட்கத்தக்கவை பார்த்தீனியம், சீமைக் கருவேலம், வீட்டுத் தூசி உண்ணி, கரப்பான்பூச்சி, பூஞ்சைகள் போன்றவை.

மதனப்பள்ளி

சோதனை "ஆம்" என்றால் நோய் உண்டு என்று பொருளா? இவ்வினாவுக்குத் தென்னிந்தியா தந்த சான்று முக்கியமானது. ஐதராபாத்துக்குத் தெற்கே, மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட் மொல்லரும் பார்ட்டனும் 1940இல் ஒரு விந்தையை விவரித்தனர். இரவில் இருமலும் இரைப்பும். நெஞ்சுப் படத்தில் காசநோய் போன்ற நிழல்கள். ஆனால் காசநோய் இல்லை. குருதியில் இயோசினோஃபில் அணுக்கள் மிகப் பெருகியிருந்தன. 1943இல் வைன்கார்ட்டன் இதற்கு "வெப்பமண்டல இயோசினோஃபிலியா" என்று பெயரிட்டார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு எதிரான உடலின் மிகைவினையே அது என்று பின்னர் தெளிவாயிற்று. அதைத் தீர்க்கும் டையீத்தைல்கார்பமசின் மருந்து, ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையேற்ற அமெரிக்க லெடர்லே ஆய்வகத்திலிருந்து 1947இல் வெளிவந்தது.

அந்நோயாளிகளின் குருதியில் ஐஜிஇ மிக உயர்ந்திருக்கும். ஆனால் அவர்களின் நோய் ஒவ்வாமை ஆஸ்துமா அன்று. குடற்புழுக்களும் ஐஜிஇயை உயர்த்தும். மொத்த ஐஜிஇ அளவு ஒன்றை மட்டும் பார்த்து "உங்களுக்கு ஒவ்வாமை மிகுதி" என்று கூறுவது, நமது மண்ணில் குறிப்பாகத் தவறிழைக்கும் வழி. பிர்கே 1907இல் உருவாக்கிய காசநோய்த் தோல் சோதனையும் இதையே கற்பித்தது. அதில் தோல் தடித்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் காசநோயாளிகள் அல்லர். கிருமியை எப்போதோ சந்தித்தவர்கள். தோல் நினைவைச் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. இறால் சாற்றுக்கு ஒருவர் தோல் தடிக்கலாம்; அவர் ஆண்டுக்கணக்காக இறாலை இன்னலின்றி உண்டுவரலாம். அத்தகையவருக்கு இருப்பது உணர்திறன் மட்டுமே.

கேட்டதற்கே விடை

சோதனை கேட்டதற்கு மட்டுமே விடை தரும் என்பதை ஐதராபாத் வேறொரு வகையிலும் அறியும். நிஜாமின் மருத்துவப் பள்ளித் தலைவர் எட்வர்ட் லாரி, மயக்க மருந்தான குளோரோஃபார்ம் மூச்சை நிறுத்தியே கொல்கிறது, இதயத்தைத் தாக்குவதில்லை என்று உறுதியாக நம்பினார். 1888இல் ஒரு குழு. 1889இல் நிஜாமின் பொருளுதவியுடன் லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்து கலந்துகொண்ட இரண்டாம் குழு. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடந்தது. லாரியின் கருத்தே சரி என்று ஐதராபாத் குளோரோஃபார்ம் குழு அறிவித்தது. 1911இல் குட்மன் லெவி, குறைந்த அளவு குளோரோஃபார்மே இதயத்தைத் திடீரென நிறுத்தக்கூடும் என்று காட்டினார். உழைப்பிலும் எண்ணிக்கையிலும் குறையில்லாத சோதனை, முன்பே தீர்மானிக்கப்பட்ட கேள்வியால் வழிதவறியது.

ஒவ்வாமைச் சோதனையிலும் இத்தவறு நிகழ்கிறது. நோயாளியின் கதையைக் கேளாமல் நூறு பொருள்களுக்கு ஒருசேரக் குருதி எடுத்து, "ஆம்" என்று வந்தவற்றையெல்லாம் விலக்கச் சொல்லும் பட்டியல், புதிய கரப்பான் பண்டப் பட்டியலே. உணவுக்கு எதிரான ஐஜிஜி அளவைக் காட்டி ஒவ்வாமை என்போரும் உளர். ஐஜிஜி பெரும்பாலும் அவ்வுணவை உண்டு பழகியதன் அடையாளமே. அதை ஒவ்வாமைச் சோதனையாகக் கொள்ளலாகாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் தெளிவாகக் கூறியுள்ளன.

ஐயம் நீங்காத உணவு ஒவ்வாமைக்கு இறுதி நீதிமன்றம், மருத்துவமனையில் கண்காணிப்பில் அவ்வுணவைச் சிறிது சிறிதாக உண்ணச் செய்து பார்ப்பதே. 1976இல் டென்வரின் சார்லஸ் மே, உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எது உணவு, எது போலி என்று தெரியாதவாறு அதை நடத்தும் முறையை நிலைநாட்டினார். தேவையற்ற விலக்கலே தீங்காகலாம் என்பதும் இன்று தெரியும். ஒவ்வாமை அபாயம் மிகுந்த 640 கைக்குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வேர்க்கடலையை விலக்கி வளர்க்கப்பட்டோரைவிடத் தொடக்கத்திலிருந்தே உண்டு வளர்ந்தோரிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. அவ்வாய்வில் சேர்க்கும் முன்னர் ஒவ்வொரு குழந்தைக்கும் குத்துச் சோதனை செய்யப்பட்டது. பெருந்தடிப்பு எழுந்த குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. சோதனையின் நேர்மையான இடம் அது: முடிவெடுக்கத் துணைநிற்பது, முடிவாகாமல் இருப்பது.

ஆதலால் சோதனைக்குச் செல்பவர் கொண்டுசெல்ல வேண்டிய முதன்மையான ஆவணம் ஒரு நாட்குறிப்பு. எந்த நாளில், எந்த இடத்தில், எதை உண்ட அல்லது தொட்ட எத்தனை நிமிடத்தில், என்ன நேர்ந்தது, மழைக்கு முன்னா பின்னா, வீட்டிலா வயலிலா, துணி மடிக்கும்போதா, பழைய தாள்களைப் புரட்டும்போதா. தடித்த தோலின் படம் கைப்பேசியில் இருந்தால் அதுவும். இவற்றிலிருந்தே மருத்துவர் எந்தச் சொட்டுகளை வைப்பது என்று தேர்கிறார். இவற்றோடு ஒத்துப்பார்த்தே விடையைப் படிக்கிறார்.

மிருகசிர கார்த்தெயில் நாம்பள்ளி வரிசையில் நிற்பவர்களை எள்ளி நகைப்பது எளிது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியவர், பணம் கேளாது கை நீட்டும் ஒருவரிடம் செல்வதில் வியப்பில்லை. அறிவியலின் சோதனையும் அவரிடம் ஒருவகைப் பத்தியத்தையே கேட்கிறது: சில நாள் மாத்திரை நிறுத்தம், கால் மணி நேரப் பொறுமை, நான்கு நாள் நனையா முதுகு. ஆனால் இப்பத்தியத்தின் ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்ல இயலும். காரணம் தவறென்று தெரிந்தால் விதி மாறும். அக்காரணங்களை நோயாளியின் மொழியில் சொல்லும் கடமை மருத்துவருடையது. அது நிறைவேறாதவரை, கையில் எழும் தடிப்பும் அவருக்கு இன்னொரு இரகசியக் குழம்பாகவே தோன்றும்.